மேட்டூர் நோட்டு

கும்பகோணத்தில் ஒரு சின்ன மையத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம் ஒத்துவராமல் வெளியே வந்த பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு), எழுத்துக் கூட்டிப் படிப்பதில் திணறல் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. பாடம் எடுப்பவர்கள் வேறு. என் வேலை கோச்சிங். நம் ஊரில் கோச்சிங் என்றால் நீட் வகுப்புதான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யத் துணை இருப்பது.

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். "அடம், அடம்னே சொல்லி அனுப்பிட்டாங்க டீச்சர். வாயே தொறக்க மாட்டேங்குறான்" என்றார்.

ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பது நான் பயிற்சியில் படித்த முதல் பாடம். அப்படியே கேட்டேன்: "உனக்கு என்ன பண்ணணும்னு ஆசை?" அவன் சுவரைப் பார்த்தான். அடுத்த வாரமும் கேட்டேன், சுவர்தான். மூன்றாவது வாரம், "எதுலக்கா?" என்றான்.

அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. மூன்று வாரமாக அவன் என் கேள்வியை ஒதுக்கவே இல்லை. எந்த முனையைப் பிடிப்பது என்று தெரியாமல் அதையே சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

அப்புறம் கேள்வியைச் சின்னதாக்கினேன். "முதலில் கணக்கா, தமிழா?" என்று தாளில் எழுதி நகர்த்தி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். கணக்கை வட்டமிட்டான். முன்பெல்லாம் பத்து விநாடியிலேயே கேள்வியை மாற்றிக் கேட்டுவிடுவேன். அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

அவனிடம் ஒரு நீளநோட்டு உண்டு. தினமும் பேப்பரில் வரும் மேட்டூர் அணை நீர்மட்டம், வரத்து, திறப்பு மூன்றையும் சிவப்புக் கோடு போட்டு எழுதி வைப்பான். ஜூன் 12-ல் எந்தெந்த வருடம் தண்ணீர் திறந்தார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். குறுவை விதைக்கலாமா என்று யோசிக்கும்போது அப்பா அந்த நோட்டைத்தான் பார்க்கிறார். பழைய பள்ளியில் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். எங்கள் கணக்கு டீச்சர் வரைபடத்தை அதிலிருந்தே தொடங்கினார்: 120 அடி நிரம்பினால் முழுக் கொள்ளளவு, இன்று எத்தனை சதவீத உயரம்?

பெற்றோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, தினமும் பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத வழி தரும் தேசிய திறந்தநிலைப் பள்ளியைப் (என்ஐஓஎஸ்) பற்றி. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஐந்து பாடம் போதும். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்றுகூட முடிக்கலாம். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஏடிஎச்டி தனியாக இல்லை. அது மட்டும் உள்ள பிள்ளைகள் சலுகைக்கு அலையும்போது மனசு கேட்பதில்லை.

போன ஆவணியில் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம், ஸ்பீக்கர் அலறியது. நல்லது செய்வதாக நினைத்து, முன்கூட்டிச் சொல்லாமல் அவன் இடத்தைப் பின்னறைக்கு மாற்றிவிட்டேன். வாசற்படியிலேயே காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். நானும் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருவரும் பேசவில்லை. தப்பு என்னுடையது. மறுநாள், "சொல்லாம மாத்திட்டேன், மன்னிச்சுக்கோ" என்று அவனிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து வாசலில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. இடமோ நேரமோ மாறினால் முதல் நாளே அதில் எழுதிவிட வேண்டும். வந்ததும் மற்ற பிள்ளைகளும் அதைத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் நான் எழுத மறந்திருந்தேன். சாயந்திரம் கிளம்பும்போது பார்த்தால், அவனே எழுதி வைத்திருக்கிறான்: "நாளை 10 மணி. கணக்கு. முன்னறை. மேட்டூர் 108 அடி."