கொக்கியோடு முக்கியிருந்தால் எட்டு மாதம் மிச்சம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்குத்தான் என் வெஸ்டர்ன் பிளாட்டில் (திசுவின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டுகிற சோதனை) அந்தப் பட்டைகள் ஒழுங்காக விழுந்தன. 20 கிலோடால்டன் எடைக்குரிய உயரத்தில், தசையைச் சுருக்குகிற கார்பகால் மருந்து கொடுக்காத திசுவில் லேசாக, கொடுத்து முப்பது விநாடி ஆனதில் கறுப்பாக, பத்து நிமிடம் ஆனதில் மறுபடி மங்கலாக. இந்த மூன்று கோட்டுக்காக ஒரு வருடமும் இரண்டு மாதமும் போயிருக்கிறது. அதில் எட்டு மாதம் சுத்தமாக வீண். மென்தசையில் (மூச்சுக்குழல், ரத்தக்குழாய் சுவர்களில் இருக்கிற, நம் இஷ்டத்துக்கு அசையாத தசை) வேலை செய்ய வருகிற அடுத்த ஸ்காலராவது இந்தக் குழியில் விழாமல் இருக்கட்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியைத் தூண்டும், அது தசைப் புரதமான மயோசினின் லைட் செயினில் 19-ஆவது செரினில் பாஸ்பேட்டை ஒட்டும், தசை சுருங்கும், பாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதி வந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும். பாஸ்பேட் ஒட்டிய அந்த லைட் செயின்தான் என் பட்டை. ரோ கைனேஸ் என்ற வேறொரு நொதி அந்தப் பாஸ்படேஸை அடக்கி வைப்பதால் கால்சியம் இறங்கின பிறகும் தசை பிடியை விடாது. ஆட்டு மூச்சுக்குழலில் இந்த அடக்கல் எந்தக் கட்டத்தில் வேலைக்கு வருகிறது என்பது என் கேள்வி. போர்டில் வரைந்தால் நாலு அம்புக்குறி, அவ்வளவுதான்.

ஆய்வக விலங்கு வேண்டாம், கறிக்கு வெட்டுகிற ஆட்டின் மூச்சுக்குழலே போதும் என்று கைடு சொன்னதும் சந்தோஷப்பட்டேன், எத்திக்ஸ் கமிட்டி தொல்லை இல்லை என்று. ஆனால் ஆட்டை நாங்கள் கொல்லவில்லை, அனுமதி தேவையில்லை என்பதற்கும் ஒரு கடிதம் வேண்டுமாம். போனால் அங்கிருந்த கிளார்க், விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்கிற பி படிவத்தை நீட்டினார். "சார், இதுக்கு அனுமதியே வேண்டாம், கடையில வாங்குறோம்." "அப்ப வேண்டாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க." "யார்கிட்ட சார்?" "எங்ககிட்டதான்." இந்தப் பதிலுக்குப் பிறகு இரண்டு கமிட்டி மீட்டிங் தள்ளிப் போனது. முதல் வாரத்திலேயே இந்தக் கடிதத்தை வாங்கி வைத்துவிடுங்கள், பேப்பர் அனுப்பும்போது ஜர்னல்காரர்கள் கேட்பார்கள்.

ஆட்டுத்தொட்டியில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை, அங்கேதான் மரியாதையாக நடத்தினார்கள். "இத எடுத்துட்டுப் போயி என்ன பாப்பா பண்ணுவ, நாய்க்கா?" என்று பாய் முதல் நாள் கேட்டார். ஆஸ்துமா ஆராய்ச்சி என்றேன். அவர் அம்மாவுக்கு வீசிங்காம், அதிலிருந்து குழலை நசுக்காமல் அறுத்து, ஐஸில் வைத்திருந்த கிரெப்ஸ் கரைசலில் (திசுவை உயிரோடு வைக்கிற உப்புக் கரைசல்) அவரே போட்டுத் தருவார். தப்பு என் பேரில்தான். ஜனவரியில் ஒருநாள் விடியக்காலை நாலரைக்கு எழுந்து பிளாஸ்க், ஐஸ், கரைசல் எல்லாம் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினால் கதவு சாத்தியிருக்கிறது. திருவள்ளுவர் தினம். ஒரு நாய் மட்டும் என்னை மாதிரியே ஏமாந்து நின்றுகொண்டிருந்தது. வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி எல்லாவற்றையும் இப்போது ஆய்வக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புரட்டாசியில் தொட்டி திறந்திருக்கும், ஆனால் வெட்டுவது குறைவு, ஆறு குழல் கேட்டால் இரண்டு கிடைக்கும்.

ஆர்கன் பாத்தில் (திசுவைக் கொக்கியில் மாட்டிக் கரைசலில் தொங்கவிட்டு, அது சுருங்கும் விசையை அளக்கிற கிண்ணம்) ஒரே ஒரு எச்சரிக்கை. கிரெப்ஸ் கலக்கும்போது கால்சியம் குளோரைடைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், அதுவும் கார்போஜன் (ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு) குமிழி விட்டு இருபது நிமிடமாவது ஆன பிறகு. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன், கரைசல் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. கால்சியம் அடியில் படிந்துவிட்டால் திசு எதை வைத்துச் சுருங்கும்? அது புரியாமல் ஒரு வாரம் விசையை அளக்கிற டிரான்ஸ்டியூசர் கெட்டுப்போய்விட்டது என்று அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மற்றபடி 37 டிகிரி, ஒரு கிராம் இழுவிசை, கால் மணிக்கு ஒரு தடவை கழுவுவது, இதெல்லாம் மூன்று நாளில் கைக்கு வந்துவிடும்.

பாஸ்பேட் ஒட்டிய லைட் செயினை அடையாளம் காட்டுகிற ஆன்டிபாடியை வாங்கிய கதையை எழுதினால் ரத்தக்கொதிப்பு வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே கம்பெனி விற்கிற பொருளுக்கு மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். இதை வேறு யாரும் விற்பதில்லை என்கிற புரொப்ரைட்டரி சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் அதில் கம்பெனி சீல் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் பார்சல் வந்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கார்கோவில். ஒரு சான்றிதழின் நகல் குறைகிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் உலர்பனிக்கட்டி ஒரு துண்டுகூட இல்லை. வியாழக்கிழமைக்கு மேல் எதையும் அனுப்பாதே என்று கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள், நகல்கள் கையில் நாலு செட் இருக்கட்டும்.

அந்த ஆன்டிபாடி செத்துவிட்டது என்றுதான் எட்டு மாதமும் நம்பினேன். ஓய்விலிருந்த திசு, கார்பகால் கொடுத்த திசு, ரோ கைனேஸைத் தடுக்கிற ஒய்-27632 கொடுத்த திசு, எல்லா லேனிலும் ஒரே மாதிரி மங்கல் பட்டை. தசை சுருங்குவதைத் திரையில் கண்ணால் பார்க்கிறேன், பிளாட்டில் ஒன்றும் இல்லை. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை மூடுவதற்கு (பிளாக் செய்வது) பால் பவுடரை விட்டு பி.எஸ்.ஏ என்ற மாட்டு ரத்தப் புரதத்துக்கு மாறினேன் (பாலில் இருக்கிற கேசினே பாஸ்பேட் ஒட்டிய புரதம்), 0.2 மைக்ரான் மெம்பிரேனுக்கு மாறினேன். இரண்டும் நல்லதுதான், செய்யுங்கள், ஆனால் எனக்கு வியாதி அங்கே இல்லை.

வேறு ஒருவருடைய வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு மேடம் சாப்பாட்டு இடைவேளையில் என் பிளாட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரிப்ப எப்படிம்மா ஃப்ரீஸ் பண்ற?" என்று கேட்டார். கொக்கியிலிருந்து கழற்றி, டிஷ்யூ பேப்பரில் ஒற்றி, அலுமினியத் தாளில் மடித்து, திரவ நைட்ரஜனில் போடுவேன் என்றேன். செய்து காட்டச் சொல்லி ஃபோனில் நேரம் பார்த்தார். 22 விநாடி. "அந்த 22 விநாடி உன் பாஸ்படேஸ் டீ குடிக்கப் போயிருக்குமா?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. சுருங்கிய தசையில் பாஸ்பேட் ஏறுவது ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு அப்புறம் இறங்கிவிடும், விசை மட்டும் அப்படியே நிற்கும். வர்ஜீனியாவில் மர்ஃபி குழு 1981-லேயே பன்றியின் கழுத்துத் தமனியில் காட்டிய லாட்ச் நிலை அது. செமினாரில் அதை நானே பேசியிருக்கிறேன். பேசின கையால்தான் அலுமினியத் தாள் மடித்தேன்.

அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். அசிட்டோனில் பத்து சதவீதம் டிரைக்குளோரோ அசிட்டிக் அமிலமும் கொஞ்சம் டைதயோத்ரீட்டாலும் கலந்து உலர்பனிக்கட்டியில் குழம்பு மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். குளியல் கிண்ணத்தைச் சட்டென்று கீழே இறக்கி, திசுவைக் கழற்றாமல், இழுவிசை குறையாமல், கொக்கியோடு அப்படியே அதில் முக்க வேண்டும். அமிலம் நொதிகளை அங்கேயே கொன்றுவிடும். பிறகு அசிட்டோனில் நன்றாகக் கழுவுங்கள், அமிலம் மிச்சம் இருந்தால் சாம்பிள் பஃபரின் நீலம் மஞ்சளாகிவிடும்.

உலர்பனிக்கட்டிக்கு அலைந்தபோது கல்யாண மண்டபங்களில் புகை விடுகிறவர்களுக்கு சப்ளை செய்கிற ஒருவர் கிடைத்தார். பத்து கிலோவுக்குக் குறைந்து தர மாட்டார். "ரிசப்ஷன் எந்த மண்டபம் மேடம்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார், நானும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு மண்டபம் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது முயற்சியிலேயே அந்த வெள்ளிக்கிழமைப் பட்டைகள் வந்துவிட்டன. எட்டு மாதம் நான் திட்டித் தீர்த்த அதே பழைய ஆன்டிபாடிதான். ஒய்-27632 கொடுத்த லேனில் பட்டை தேய்ந்திருந்தது, திரையில் விசைக் கோடு சரிந்ததற்கும் அது பொருந்தியது. ராத்திரியே பாய்க்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

கைடு படத்தைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், பாஸ்படேஸை அடக்குகிற இன்னொரு புரதம் சி.பி.ஐ-17, அதையும் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றார். நேற்று இன்டெண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொள்முதல் பிரிவில் கண்ணாடியை இறக்கிவிட்டு, "சி.பி.ஐ-யா, அதுல 17 பேரா?" என்று சிரித்துவிட்டு மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் புரட்டாசி பிறக்கிறது.