பத்து மாம்பழங்களும் ஒரு வரிசையும்

எங்கள் சுவைச் சோதனையில் நடுவர்கள் பத்து மாம்பழ ரகங்களைச் சுவைத்து, 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துகிறார்கள். அந்த எண்களை அப்படியே சராசரி எடுக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதலிடத்துப் பழமோ தனியாகத் தெரியும். வரிசை எண் இரண்டு இடைவெளியையும் ஒன்றாகவே காட்டுகிறது.

ஆகவே 1958இல் புள்ளியியலாளர் புளோம் தந்த வழியைப் பின்பற்றுகிறேன். கடைசிப் பழத்துக்கு 1, சிறந்ததற்கு 10 என எண்ணிட்டு, அதில் 0.375ஐக் கழித்து 10.25ஆல் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். இயல்நிலைப் பரவலில் (நடுவில் அடர்ந்து இரு ஓரங்களிலும் மெலியும் மணி வடிவப் பரவல்) எந்தப் புள்ளிக்குக் கீழே அந்த விகிதம் அடங்குகிறதோ, அந்தப் புள்ளியே மதிப்பெண். சிறந்த பழத்துக்கு 1.55, அடுத்ததற்கு 1.00, நடுவிலுள்ள இரண்டுக்கும் 0.12, −0.12. உச்சியில் இடைவெளி 0.55, நடுவில் 0.24. எனக்கு இது மிகவும் பிடித்த கணக்கு! (புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்சும் 1938லேயே இத்தகைய மதிப்பெண்களை அட்டவணையாக அச்சிட்டுவிட்டார்கள்.)

ஆனால் இந்த இடைவெளிகள் நடுவரின் நாக்கிலிருந்து வந்தவை அல்ல. சுவை இயல்நிலைப் பரவலில் அமைந்திருக்கிறது என்ற நம் அனுமானத்திலிருந்து வந்தவை. அறிக்கையில் அதை வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். இரண்டு பழங்கள் சமநிலையில் வந்தால் இரண்டுக்கும் சராசரி இடத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்கைத் தொடர்கிறேன்.