சமர்கண்டில் ஒரு பள்ளத்தைப் பார்க்கப் போனேன்

முதலில் அந்த டாக்சிக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டிலிருந்து அதிவேக ரயிலில் 2 மணி நேரம். சமர்கண்டில் இறங்கி வாசலுக்கு வருவதற்குள் ஒருவர் என் பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தேவிட்டார். ரெகிஸ்தான் சதுக்கத்துக்கு ஒரு லட்சம் சோம் (அந்த நாட்டுப் பணம்) என்றார். லட்சம் என்ற சொல்லைக் கேட்டுத் தலை சுற்றிக்கொண்டிருக்கும்போது வகுத்தல் கணக்கு எங்கே வரும்? கொடுத்துவிட்டேன். அறைக்குப் போய்ச் செல்பேசிச் செயலியில் பார்த்தால் அதே தூரத்துக்கு 18,000. நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் தண்டம். மறுநாள் முழுவதும் நடந்தே கழித்து அதை ஈடுகட்டுவதென்று சபதம் செய்துகொண்டேன்.

ரெகிஸ்தானில் நீல ஓடு பதித்த மதரசாக்கள் மூன்று. படத்தில் பார்த்ததைவிட நேரில் இன்னும் அழகு, மறுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் தங்கிப் படித்த சிற்றறைகளில் இப்போது பட்டுத் துண்டும் பீங்கான் கிண்ணமும் தொப்பியும் விற்கிறார்கள். மூன்றில் மூத்த மதரசா 1420-இல் கட்டி முடிந்தது. கட்டியவர் பேரரசர் திமூரின் பேரன், வானியலில் மூழ்கிய அரசர் உலுக் பேக். நான் இவ்வளவு தூரம் வந்தது அவருக்காகத்தான். ஊரெல்லாம் தாத்தா பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க, எனக்குப் பேரன்தான் பெரியவர்.

சியாப் சந்தையில் ஒரு ரொட்டி வாங்கினேன். நடுவில் முத்திரை குத்தி, மேலே பளபளவென்று, கையில் கனமாக இருந்தது. அதைப் பிய்த்துத் தின்றபடியே வெயிலில் மேட்டுப்பாதை ஏறினேன். குன்றின் மேல் அவருடைய வான் ஆய்வுக்கூடம் இருந்த இடம். பேருந்தில் வந்த ஒரு கூட்டம் எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்ற முகத்தோடு ஐந்தே நிமிடத்தில் திரும்பிப் போனது.

இருப்பது ஒரு பள்ளம்தான். கீழே இறங்க விடுவதில்லை. கம்பிக்கு இப்பால் நின்று குனிந்தால், பாறையைக் குடைந்த பள்ளத்துக்குள் இரண்டு பளிங்குத் தண்டவாளங்கள் வில்லாக வளைந்து இருட்டுக்குள் இறங்குகின்றன. கல்லில் கோணங்களை வெட்டிக் குறித்திருக்கிறார்கள். சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள வில்லின் அடிப்பகுதி மட்டுமே இது. மீதி, மேலே நின்ற மூன்று அடுக்கு வட்டக் கட்டடத்துக்குள் ஏறிப் போனது. உச்சிவேளையில் துளை வழியே வரும் சூரிய ஒளி இந்தக் கல்லில் எங்கே விழுகிறது என்று நாள் தவறாமல் குறித்துவந்தார்கள். கருவி பெரிதானால் ஒரு பாகைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியும் பெரிதாகும், பிழை சுருங்கும். அதற்காகத்தான் இத்தனை பெரிய கட்டடம். தொலைநோக்கி இல்லாத காலத்தில், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்ட ஆண்டு 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 விநாடி என்று கண்டார்கள். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. 1437-இல் வந்த அவர்களுடைய பட்டியலில் 1,018 நட்சத்திரங்கள். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு ஜந்தர் மந்தர் என்ற வான் ஆய்வுக்கூடங்களைக் கட்டிய ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங் முன்னால் வைத்துக்கொண்டது இந்த அட்டவணையைத்தான்.

1449-இல் மெக்காவுக்குப் புறப்பட்ட உலுக் பேக்கை வழியிலேயே தலை வெட்டிக் கொன்றார்கள். ஆணை பிறப்பித்தவன் பெற்ற மகன். ஆய்வுக்கூடம் இடிந்து, இடமே மறந்துபோயிற்று. 1908-இல் வியாத்கின் என்ற ரஷ்ய அகழ்வாராய்ச்சியாளர் பழைய நில ஆவணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து தோண்டி எடுத்தார். அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

செலவுக் கணக்கை வரிசையாகத் தரலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பிலாவை, அதாவது அந்த ஊர்ப் புலாவைச் சொல்லாமல் எப்படி? இந்த ஊரில் அதைக் கிளறுவதில்லை. அடியில் சோறு, அதன் மேல் மஞ்சள் கேரட், உச்சியில் ஆட்டிறைச்சி என்று அடுக்கடுக்காக எடுத்து வைக்கிறார்கள். நம் பிரியாணிபோல மசாலா நாக்கைப் பிடித்து இழுக்காது. கொழுப்பும் கேரட்டின் இனிப்பும் மெதுவாகத்தான் பிடிபடும். பக்கத்தில் தக்காளி வெங்காயம், காதில்லாத கிண்ணத்தில் பச்சைத் தேநீர். பிற்பகல் ஆனால் அண்டா காலி, மதியமே போய்விடுங்கள். ஒரு தட்டு முடித்து இன்னொரு அரைத் தட்டும் வாங்கினேன். சிக்கனம் அத்தோடு போயிற்று.

மாலையில் திமூரின் கல்லறை மாடமான கூர் அமீர். கரும்பச்சை ஜேட் கல்லுக்கு அடியில் திமூர். அவர் காலடியில் உலுக் பேக். 1941-இல் சோவியத் ஆய்வாளர்கள் கல்லறையைத் திறந்தபோது, உடுத்திய உடையோடு, தலை வேறு உடல் வேறாகக் கிடந்தாராம். எல்லாக் கேமராக்களும் பச்சைக் கல்லையே மொய்த்தன. காலடிக் கல்லைப் படம் எடுக்கக் குனிந்த என்னை, “கொஞ்சம் நகருங்கள், திமூர் மறைகிறார்” என்று ஒருவர் சைகை காட்டினார்.

நாளை ரயில் நிலையத்துக்குச் செயலியிலேயே வண்டி சொல்லியாயிற்று. 17,500.