முளைத்ததைக் கலைத்து விடும் வேலை

மாடித்தோட்டத்தில் விதை போடுவதுவரை எல்லாருக்கும் உற்சாகம்தான். முளைத்து வந்ததில் பாதியை எடுத்துவிடச் சொன்னால் கை வராது. எனக்கும் வரவில்லை. ஆனாலும் இந்தக் கார்த்திகையில் போட்ட முள்ளங்கியும் பீட்ரூட்டும் செடி வளர்க்கும் பைக்குள் நெருக்கியடித்து நின்றபோது வேறு வழியில்லை. கிழங்குப் பயிரில் நெருக்கம் இருந்தால் இலை மட்டும் தளதளவென்று வரும், அடியில் ஒன்றும் திரளாது. காற்றோட்டம் இல்லாமல் தண்டடியில் ஈரம் நின்று நாற்று அழுகும் நோய் வேறு வரும்.

முள்ளங்கி நாலைந்து நாளில் முளைத்துவிட்டது. முதலில் விரிவது வழவழப்பான இரண்டு வித்திலைகள். அவற்றைப் பார்த்து எந்தச் செடி தேறும் என்று சொல்ல முடியாது. நடுவிலிருந்து ஓரம் வெட்டுப்பட்ட, தொட்டால் சொரசொரக்கும் அசல் இலை வரும்வரை பொறுத்தேன். காலையில் தண்ணீர் விட்டு, வெயில் இறங்கியதும் உட்கார்ந்தேன்.

எதை விடுவது, எதை எடுப்பது? உயரமானதை விட்டுவைக்கத்தான் மனசு சொல்லும். அதை நம்ப வேண்டாம். வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளர்ந்து, தண்டு வெளுத்துச் சாய்ந்து நிற்பவைதான் பெரும்பாலும் உயரமாக இருக்கும். குட்டையாக, தண்டு தடித்து நிமிர்ந்து நின்றவற்றை விட்டேன். முதல் தடவை 4, 5 செ.மீ. இடைவெளி போதும். ஒரேயடியாகக் கலைத்தால், மிச்சமிருப்பதில் ஒன்றிரண்டைப் புழு தின்றுவிட்டால் பை காலியாகிவிடும். கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது தடவையில் 10 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பிடுங்குவதைவிட வெட்டுவதே எனக்குச் சரியாகப் பட்டது. நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை மண்ணோடு ஒட்ட வைத்து, வித்திலைக்குக் கீழே நறுக்கினால் போதும், அது திரும்பத் துளிர்க்காது. பக்கத்துச் செடியின் வேரும் அசையாது.

பீட்ரூட்டில்தான் இதன் அருமை புரிந்தது. “ஒரு குழிக்கு ஒண்ணுதானே போட்டே, மூணு நிக்குது?” என்று அத்தை கேட்டார். பீட்ரூட் விதை என்று நாம் வாங்குவது பல விதைகள் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான ஒரு உருண்டை. ஒரே உருண்டையிலிருந்து இரண்டு, மூன்று செடிகள் சிவந்த தண்டோடு கொத்தாகக் கிளம்பும். வேர்கள் பின்னிக்கொண்டிருப்பதால் ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். அதனால் இடது கையால் நல்ல செடியை விலக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் நறுக்கினேன். அப்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்து, சாய்ந்து நின்றவற்றுக்கு மண்ணை அணைத்துவிட்டேன்.

தண்டுக்கீரையில் இந்தப் பாடெல்லாம் இல்லை. விதையை மணலோடு கலந்து தூவினாலும் நெருக்கமாகத்தான் வரும். வேரோடு பிடுங்கிப் பிடுங்கிச் சமைத்தாலே கலைத்த மாதிரி ஆகிவிடும். வெண்டைக்குக் குழிக்கு இரண்டு விதை போட்டு, நன்றாக வந்ததை வைத்துக்கொண்டேன்.

நறுக்காமல் வேரோடு எடுத்து வேறு பையில் நட முடியாதா என்று கேட்பீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் என்றால் தாராளமாக நடலாம். முள்ளங்கி, கேரட்டுக்கு அது ஒத்துவராது. ஆணிவேர்தானே கிழங்காகத் திரள்கிறது, அது அடிபட்டால் கிழங்கு கோணலாகவோ கவையாகவோ போய்விடும். நறுக்கிய முள்ளங்கித் தளிர் கொஞ்சம் காரமாக இருக்கும். அதையும் பீட்ரூட் தளிரையும் கழுவி, பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்தோம். சுரை, பீர்க்கன் நாற்றைக் கலைத்தால் மட்டும் சமையலுக்கு வேண்டாம், மட்கும் தொட்டியில் போட்டுவிடுங்கள்.

கலைத்து முடித்த பையில் மண் வெறுமையாகத் தெரிந்தது. “இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, வெந்தயம் தூவட்டுமா?” என்று அத்தை டப்பாவோடு வந்து நின்றார். அவருக்கு அவசரமாக ஒரு தனித் தொட்டியைக் காலி செய்து கொடுத்தேன்.