சானியாவின் கடைசி வாரங்கள்: ஒரு நாட்குறிப்பு

14 ஜனவரி 2023, சனி

சானியா மிர்சா நேற்று தம் விடைபெறும் குறிப்பை வெளியிட்டிருக்கிறார். மெல்போர்னில் தொடங்கவிருக்கும் ஆஸ்திரேலிய ஓபன் அவருடைய கடைசி கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்று). பிப்ரவரியில் துபாய்ப் போட்டியோடு தொழில்முறை டென்னிஸை முடித்துக்கொள்கிறார். ஆறு வயதில் தாயாருடன் ஹைதராபாத் நிஜாம் கிளப்புக்குப் போனதையும், இவள் மிகச் சிறியவள் என்று தயங்கிய பயிற்சியாளரிடம் மல்லுக்கட்டி இடம் பெற்றதையும் அதில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இன்று காலை கையில் கிடைத்த நாளிதழ்களையெல்லாம் வாசித்தேன். 2005இல் ஹைதராபாத் ஓபனை வென்று, டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனது, அதே ஆண்டு அமெரிக்க ஓபனில் நான்காம் சுற்று வரை போய் ஷரபோவாவிடம் தோற்றது, 2007இல் உலகத் தரவரிசையில் 27ஆம் இடத்தைத் தொட்டது என்று ஒற்றையர் ஆட்டத்தைப் பற்றியே பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். அதன் பிறகு, மணிக்கட்டுக் காயத்தால் இரட்டையர் ஆட்டத்துக்கு ஒதுங்கினார் என்று ஒரு வரி. மூன்று மகளிர் இரட்டையர், மூன்று கலப்பு இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், டபிள்யூடிஏ இரட்டையர் பட்டங்கள் 43, தரவரிசையில் 91 வாரங்கள் முதலிடம் ஆகிய அனைத்தும் அந்த ‘ஒதுங்கினார்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பட்டியலாகச் சுருங்கிவிட்டன.

கோவையில் பள்ளி மாணவியருக்கு டென்னிஸ் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் இது என்னை உறுத்துகிறது. இதே ஊரிலிருந்து போன நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையரில் ஒரு சுற்றை வென்றபோது எங்களுக்கு அதுவே பெரிய திருவிழாவாக இருந்தது. அந்த நிலையிலிருந்த நாட்டில் ஒரு பெண் உலகின் முதலிடத்துக்கு உயர்ந்தது இரட்டையர் ஆட்டத்தின் வழியாகத்தான். அதை ஒரு முழுமையான தொழிலாக, அதற்கே உரிய கலையாக வைத்துப் பேச வேண்டும். துபாய் முடியும்வரை இங்கே அதைச் செய்வதாக இருக்கிறேன்.

23 ஜனவரி 2023, திங்கள்

கஜகஸ்தானின் அன்னா டானிலினாவுடன் சேர்ந்து ஆடிய சானியா, மகளிர் இரட்டையரின் இரண்டாம் சுற்றில் நேற்று மூன்று செட்களில் தோற்றுவிட்டார். டானிலினா சென்ற ஆண்டு இதே போட்டியின் இறுதிவரை வேறொரு இணையுடன் வந்தவர்.

ஒற்றையர் வீராங்கனை தன் உடம்பையும் ராக்கெட்டையும் மட்டும் நம்பி விமானம் ஏறலாம். இரட்டையர் வீராங்கனைக்கு முதலில் ஓர் ஆள் அமைய வேண்டும். இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டித்தான் போட்டியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்கிறார்கள். இணையாக வருபவருக்குக் கணுக்கால் சுளுக்கினால் நன்றாக இருக்கும் இவரும் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆனால் புள்ளிகள் தனித்தனியே அவரவர் கணக்கில் ஏறுகின்றன, தரவரிசையும் தனித்தனிதான். இருவர் சேர்ந்து வென்ற பட்டத்தை, பிரியும்போது இருவரும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இதனால் நேற்றைய இணை இன்று வலைக்கு அப்பால் நிற்பது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. ரஷ்யாவின் யெலேனா வெஸ்னினாவை எடுத்துக்கொள்வோம். 2011இல் சானியாவும் அவரும் இண்டியன் வெல்ஸிலும் சார்ல்ஸ்டனிலும் பட்டம் வென்று, பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டம்வரை போனார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து விம்பிள்டன் இறுதியாட்டத்தில் அதே வெஸ்னினா எதிரணியில் இருந்தார். அதற்கு அடுத்த ஆண்டு தோகாவில், சானியாவும் ஸ்விட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸும் சேர்ந்த இணையின் தொடர்ச்சியான 41 வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்ததும் அவர்தான், இளம் கசாட்கினாவுடன் சேர்ந்து. தைவானின் ஷியே சு வெய் கதை இதைத் தலைகீழாக்குகிறது. 2014 அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியில் சானியாவும் ஜிம்பாப்வேயின் காரா பிளாக்கும் அவர் அணியை இறுதியில் 6–1, 6–0 என்று துடைத்தெடுத்தார்கள். மூன்றே மாதத்தில், 2015இன் தொடக்கத்தில், சானியாவின் இணை அதே ஷியே. அது சரிப்படாமல் போகவே மார்ச்சில் ஹிங்கிஸிடம் போனார்.

எதிராளியாக நின்று ஒருவரின் பலவீனத்தை நுணுக்கமாகப் படித்தவர், பிறகு அதே ஆளின் பக்கத்தில் நின்று அந்தப் பலவீனத்தை மறைக்க வேண்டியிருக்கிறது. ஆட்களைப் படிக்கும் இந்தத் திறமை இல்லாமல் இவ்வளவு இணைகளோடு பட்டம் வெல்ல முடியாது.

28 ஜனவரி 2023, சனி

நேற்று ராட் லேவர் அரங்கில் கலப்பு இரட்டையர் இறுதியாட்டம். 36 வயது சானியாவும் 42 வயது ரோகன் போபண்ணாவும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி, ரஃபேல் மாட்டோஸ் இணையிடம் 6–7, 2–6 என்று தோற்றார்கள். அரையிறுதியில் கிராவ்சிக்–ஸ்கப்ஸ்கி இணையை மூன்றாம் செட்டுக்குப் பதிலான பத்துப் புள்ளி டைபிரேக்கில் (சமநிலையை முறிக்கும் சிறு ஆட்டத்தில்) வீழ்த்தியபோது, ஏழாவது கிராண்ட்ஸ்லாமோடு விடைபெறுவார் என்று நானும் நம்பியிருந்தேன்.

ஸ்டெஃபானியைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். முழங்கால் தசைநார் அறுந்து ஓராண்டு ஆடாமலிருந்தவர், சென்ற செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபனில்தான் மீண்டும் களமிறங்கி, கனடாவின் டப்ரோவ்ஸ்கியுடன் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். நேற்று அவர் வலையருகே இரண்டடி முன்னேறி நின்று போபண்ணாவின் வேகமான பந்துகளைக்கூடப் பதறாமல் மடக்கிய விதம் கண்ணிலேயே நிற்கிறது. முதல் செட் டைபிரேக்கிற்குப் பிறகு ஆட்டம் அவர் கைக்குப் போய்விட்டது.

பரிசளிப்பில் சானியா அழுதார். தமக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது முதல் கலப்பு இரட்டையர் இணையாக அமைந்தவர் போபண்ணா என்றும், 2005இல் இதே மெல்போர்னில் செரீனா வில்லியம்ஸை எதிர்த்து ஆடியதில்தான் தம் பயணம் தொடங்கியது என்றும் சொன்னார். 2009இல் மகேஷ் பூபதியோடு சேர்ந்து முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை அவர் வென்றதும் மெல்போர்னில்தான். எந்த இந்தியப் பெண்ணுக்கும் அதற்கு முன் கிராண்ட்ஸ்லாம் பட்டம் கிடைத்ததில்லை.

4 பிப்ரவரி 2023, சனி

இந்த வாரம் என் மாணவியருக்கு 2015 விம்பிள்டன் மகளிர் இரட்டையர் இறுதியாட்டத்தை முழுதாகப் போட்டுக் காட்டினேன். சானியா, ஹிங்கிஸ் ஒருபுறம். மகரோவா, வெஸ்னினா மறுபுறம். இரட்டையர் ஆட்டம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் செட் 5–7 என்று போயிற்று. இரண்டாவதை டைபிரேக்கில் மீட்டார்கள். மூன்றாவதில் 2–5 என்று பின்தங்கியபோது, எதிரணிக்கு இன்னும் ஒரே ஒரு கேம்தான் தேவைப்பட்டது. அங்கிருந்து 5–5 வரை ஏறி வந்தார்கள். அதற்குள் இருட்டிவிட்டதால் ஆட்டத்தை நிறுத்தி, சென்டர் கோர்ட்டின் கூரையை மூடி விளக்குப் போட்டார்கள். திரும்பி வந்து அடுத்த இரண்டு கேம்களையும் எடுத்து 7–5 என்று முடித்தார்கள். மகளிர் இரட்டையரில் இந்தியப் பெண்ணின் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம் அதுதான். ஹிங்கிஸுக்கோ விம்பிள்டன் இரட்டையர் கோப்பை 17 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது.

படத்தை நிறுத்தி நிறுத்தி ஒரு விஷயத்தை மட்டும் காட்டினேன். சானியா பின்கோட்டிலிருந்து தம் ஃபோர்ஹேண்டை முழு வீச்சில் குறுக்காக அடிக்கிறார். பந்து தாழ்வாக, எதிராளியின் கால்மாட்டில் போய் விழுகிறது. அவர் குனிந்து, பந்தின்மேல் கண்ணைத் தாழ்த்துகிறார். அந்தக் கணத்தில்தான் வலையருகே நிற்கும் ஹிங்கிஸ் நகர்கிறார். சற்று முந்தியிருந்தால் எதிராளி அதைக் கவனித்து நேர்கோட்டில் அடித்துவிட்டிருப்பார். சற்றுப் பிந்தியிருந்தால் பந்து கடந்துபோயிருக்கும். தூக்கலாக வரும் பந்தை, அது தரையில் விழுமுன்பே, ஹிங்கிஸ் வாலியாக வெட்டிச் சாய்க்கிறார். கைதட்டல் ஹிங்கிஸுக்குப் போகிறது. அந்தப் புள்ளியைச் சம்பாதித்தது அதற்கு முந்தைய அடி என்பது ஆடுகளத்தில் இருக்கும் நால்வருக்கும் தெரியும்.

ஒரு மாணவி, “மேடம், அப்படியென்றால் சானியா அடித்து முடிக்கவே முயலவில்லையா?” என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. ஒற்றையரில் அந்த ஃபோர்ஹேண்ட் புள்ளியை முடிப்பதற்கான ஆயுதம். ஆபத்தான கோணங்களைத் தேடிப் போகும், தவறும். இரட்டையரில் அதே வேகத்தை வைத்துக்கொண்டு, இணைக்கு வாகான பந்து திரும்பி வரும்படி அடிக்க வேண்டியிருந்தது. நன்றாக வேரூன்றிய ஓர் அடியின் நோக்கத்தை இருபது வயதுகளின் பிற்பகுதியில் மாற்றிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது பயிற்சி கொடுப்பவர்களுக்குத் தெரியும். 2008இல் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை, பிறகு முழங்கால் தொல்லை, 2013இல் ஒற்றையர் ஆட்டத்துக்கே முழுக்கு என்று உடல் வழியை மறித்தது உண்மைதான். மறித்த இடத்திலிருந்து புதிதாக ஒன்றைக் கற்று உலகின் முதலிடத்துக்குப் போனார் என்பதும் அதே அளவு உண்மை.

அந்த ஆண்டின் பரிசுத்தொகையையும் மாணவியரிடம் சொன்னேன். ஒற்றையர் சாம்பியனுக்கு 18,80,000 பவுண்டு. இரட்டையரில் ஓர் அணிக்கு, அதாவது இருவருக்கும் சேர்த்து, 3,40,000 பவுண்டு. ஒற்றையரில் ஓட்டம் அதிகம், அரங்கை நிரப்புவதும் அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒருவர் பங்குக்குப் பதினொன்றில் ஒரு பங்கு என்ற இந்த இடைவெளி நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நிலைகளில் இருக்கும் இரட்டையர் வீராங்கனைகள் பயணச் செலவுக்கே திண்டாடுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

11 பிப்ரவரி 2023, சனி

அபுதாபியில் இந்த வாரம் பெத்தனி மாட்டெக் சாண்ட்ஸுடன் முதல் சுற்றிலேயே தோல்வி.

பிரிவைப் பற்றி எழுத இதுவே பொருத்தமான இடம். ஹிங்கிஸுடன் 14 பட்டங்கள். 2015 விம்பிள்டன், 2015 அமெரிக்க ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் என அடுத்தடுத்து மூன்று கிராண்ட்ஸ்லாம்கள். 2016 பிரெஞ்சு ஓபனில் கிரெய்ச்சிகோவா, சினியகோவா என்ற இரண்டு செக் இளம்பெண்களிடம் மூன்றாம் சுற்றில் தோற்றார்கள். பின்னாளில் அந்த இருவரே உலகின் தலைசிறந்த இணையாக வளர்ந்ததைப் பார்க்கும்போது அந்தத் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆகஸ்டில் சானியாவும் ஹிங்கிஸும் பிரிந்தார்கள். பிரிந்த கையோடு சின்சினாட்டி இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றார்கள்: சானியாவோடு ஸ்ட்ரைகோவா, ஹிங்கிஸோடு வாண்டவே. 7–5, 6–4 என்று சானியா வென்றார். அதுவரை இருவரும் பகிர்ந்துகொண்டிருந்த முதலிடம் அவருக்கு மட்டும் உரியதாயிற்று.

அந்த முதலிடத்தை அவர் இழந்த விதம் இன்னும் விசித்திரமானது. 2017 ஜனவரியில் பிரிஸ்பேனில் மாட்டெக் சாண்ட்ஸுடன் சேர்ந்து பட்டம் வென்றார். அந்த வெற்றியே மாட்டெக் சாண்ட்ஸை முதலிடத்துக்கு உயர்த்திச் சானியாவைக் கீழிறக்கியது. கோப்பையை இருவரும் சேர்ந்தே தூக்கினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து இந்த வாரம் அபுதாபியில் அதே இருவர் ஒரே பக்கம் நின்றார்கள். இந்தத் தொழிலில் மனக்கசப்பை நெடுநாள் சுமப்பவர்கள் நிலைப்பதில்லை.

2018இல் மகன் பிறந்த பிறகு, 2020 ஜனவரியில் ஹோபர்ட்டில் நாடியா கிச்செனோக்குடன் ஆடித் திரும்பிய முதல் போட்டியிலேயே பட்டம் வென்றார். மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அங்கிதா ரெய்னாவோடு முதல் செட்டை 6–0 என்று எடுத்து, இரண்டாம் செட்டில் வெற்றிக்குச் சர்வீஸ் போட்டும் தோற்றார். எதிரணியில் இருந்தவர்கள் கிச்செனோக் சகோதரிகள். ஒலிம்பிக் பதக்கம் கடைசிவரை அவருக்கு வாய்க்கவில்லை. 2016 ரியோவில் போபண்ணாவுடன் நான்காம் இடத்தில் நின்றதுதான் மிக அருகில் வந்தது. அதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

22 பிப்ரவரி 2023, புதன்

நேற்று துபாயில் முடிந்துவிட்டது. மேடிசன் கீஸுடன் ஆடி, குடெர்மெடோவா, சாம்சனோவா இணையிடம் 4–6, 0–6. முதல் செட்டில் ஈடுகொடுத்தார்கள். இரண்டாவதில் ஒன்றும் எடுபடவில்லை.

6 மார்ச் 2023, திங்கள்

ஹைதராபாத் எல்.பி. ஸ்டேடியத்தில் நேற்று விடைபெறும் காட்சி ஆட்டங்கள். 2005இல் ஒற்றையர் பட்டம் வென்ற அதே வளாகம். போபண்ணாவுடன் சேர்ந்து, டோடிக், மாட்டெக் சாண்ட்ஸ் இணையை எதிர்த்து ஆடினார். காரா பிளாக்கும் மரியன் பார்டோலியும் வந்திருந்தார்கள். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கும் ராக்கெட் பிடித்தார்.

விருந்தினர் வரிசையைப் பார்த்தபோது எனக்கு முக்கியமாகப் பட்டது, அதில் பலர் அவரோடு ஏதோ ஒரு காலத்தில் இணை சேர்ந்து பிறகு பிரிந்தவர்கள் என்பதுதான். காரா பிளாக்கைப் பற்றி இங்கே இதுவரை இரண்டு வரிகூட எழுதவில்லை. ஹிங்கிஸுக்கு முன்பே சானியாவை வலையருகே வரப் பழக்கியதில் பிளாக்கின் பங்கு பெரிது என்பது என் கணிப்பு. 2013, 2014 ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தால் சானியா நிற்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னகர்வது தெரியும். அந்த ஆட்டங்களில் கிடைப்பதையெல்லாம் மாணவியருடன் பார்த்து, அடுத்த வாரம் முதல் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். ஏப்ரலில் எங்கள் கிளப்பில் நடக்கும் பள்ளிப் போட்டியில் இந்த முறை இரட்டையர் ஆட்டங்களை முதல் நாளிலேயே, பெரிய ஆடுகளத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆறு அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன.