ரோலான் காரோஸ் டென்னிஸ் வீரர் அல்ல: ரீயூனியனில் ஒரு விமானியின் தடம்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு ரீயூனியன். அதன் விமான நிலையத்துக்கு ரோலான் காரோஸ் என்று பெயர். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, மட்டை வீசுவதுபோல் கையை ஓங்கிப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. ரோலான் காரோஸ் டென்னிஸ் ஆடியது பொழுதுபோக்குக்கு. பிழைப்பு, பெயர், சாவு எல்லாம் விமானத்தில். இந்தத் தீவின் தலைநகர் சென்-தெனியில் 1888 அக்டோபர் 6 அன்று பிறந்தவர். முப்பது வயது நிறைய ஒரே நாள் இருக்கும்போது, 1918 அக்டோபர் 5 அன்று, பிரான்சின் வூசியே ஊருக்கு அருகே வான்சண்டையில் அவர் விமானம் விழுந்தது. பாரிஸ் டென்னிஸ் அரங்குக்கு அவர் பெயர் வந்ததே 1928இல்தான். கூடப் படித்த எமில் லெசியே பிடிவாதம் பிடித்து வாங்கிக் கொடுத்த பெயர் அது.

முதலில் போக்குவரத்தைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையம் இருப்பது சென்-மரியில். நகரத்துக்கு அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். காலையிலும் மாலையிலும் அந்தப் பத்துக் கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்துதான் நகரும். டாக்சியில் மீட்டர் ஓட வேண்டும் என்பது சட்டம். வாசலிலேயே “இவ்வளவு யூரோ” என்று மொத்தத் தொகை சொல்பவரிடம் மீட்டரைக் காட்டிக் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த வண்டிக்குப் போங்கள். இரவிலும் ஞாயிறிலும் மீட்டர் கட்டணமே கூடுதல் என்பதால், பட்ஜெட் பார்ப்பவர்கள் பகலில் வந்து இறங்குவது நல்லது. நகருக்குள் சிட்டாலிஸ் பேருந்து, தீவைச் சுற்றிவர மஞ்சள் நிற கார் ஜோன். சில்லறை கையில் இருக்கட்டும். இறங்கும் இடம் வந்ததும் பலர் கைதட்டித்தான் ஓட்டுநருக்குச் சொல்வார்கள். கூச்சப்படாமல் நீங்களும் தட்டலாம். ஞாயிறு மட்டும் வேண்டவே வேண்டாம்: பேருந்து குறைவு, பாதிக் கடை பூட்டியிருக்கும்.

காரோஸ் சிலை இருப்பது பராஷ்வா கடற்கரையில். பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கும் திடல் அது. கட்டணம் கிடையாது. பக்கத்திலேயே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கட்டடம், இப்போது மாவட்ட ஆட்சியகம். காரோஸ் பிறந்த தெருவுக்கு அப்போது ஆர்சனால் வீதி என்று பெயர், இப்போது அவர் பெயரே. நடந்தே போகலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்: நான்கு வயதிலேயே குடும்பத்தோடு சைகோன் போய்விட்டார். அதனால் இங்கே அவர் கையெழுத்து, கருவி, சட்டை என்று தேடி அலைய வேண்டாம். சிலையைப் பார்க்கும் முன்பே அவர் செய்தது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் சிலை, ஐந்து நிமிட வேலை.

அவர் செய்தது இது. 1913 செப்டம்பர் 23, காலை 5.47. பிரான்சின் தென்கரையில் ஃப்ரெஜூஸ், கடற்படை தன் விமானிகளுக்காக அமைத்த தளம். காரோஸ் கடற்படைக்காரர் இல்லை, ஆனாலும் கிளம்பியது அங்கிருந்துதான். விமானம் மொரான்-சோல்னியே வகை எச். ஒற்றை இருக்கை, மரச்சட்டம், துணி. தண்ணீரில் மிதக்க உதவும் மிதவை கிடையாது. அடியில் தரைச் சக்கரம் மட்டும். கடலில் இறங்கினால் மூழ்க வேண்டியதுதான். பெட்ரோல் சுமார் 200 லிட்டர். பகல் 1.40க்குத் துனிசியாவின் பிசெர்த்தில் இறங்கியபோது தொட்டியில் மிச்சம் ஐந்து லிட்டர். 7 மணி 53 நிமிடம், ஏறக்குறைய 780 கிலோமீட்டர். மத்தியதரைக் கடலை நிற்காமல் விமானத்தில் தாண்டிய முதல் ஆள். கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

அந்த என்ஜினைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. க்னோம் சுழல் என்ஜினில் கிராங்க்ஷாஃப்ட் என்ற நடுத்தண்டு அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். சுற்றுகிற வேகத்தில் காற்றடித்துத் தானே குளிரும். தண்ணீர்த் தொட்டி வேண்டாம், எடை குறைவு. சிக்கல் எண்ணெயில். பெட்ரோல் ஆவி கிராங்க் பெட்டிக்குள்ளேயே நுழைவதால், சாதாரண எண்ணெயை அது கரைத்து நீர்க்கச் செய்துவிடும். பெட்ரோலில் லேசில் கரையாத மசகு விளக்கெண்ணெய்! நம் பாட்டி வயிற்றுக்குக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய். உள்ளே போனது திரும்ப வராது, புகையோடு சேர்ந்து வெளியே தெறிக்கும். எட்டு மணி நேரம் விமானி அந்தப் புகையை முகத்தில் வாங்கியபடி உட்கார வேண்டும். இறக்கையில் திருப்புவதற்கான மடல்கூடக் கிடையாது. கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்கித்தான் சாய்ப்பார்கள். கை ஓயவே முடியாது. கோர்சிகாவை நெருங்கும்போது என்ஜினில் ஏதோ முறிந்து மூடியில் இடித்தது. திரும்பவில்லை. சார்டினியாவில் காக்லியாரியில் இறங்கிப் பெட்ரோல் போட வழி இருந்தும் இறங்கவில்லை.

போரில் அவர் பெயர் நின்றதற்குக் காரணம் இன்னொன்று. 1915இல், சுழலும் புரொப்பெல்லருக்கு ஊடே நேராக முன்னால் சுட வேண்டும் என்று முனைந்தார். குண்டு எப்போதாவது புரொப்பெல்லரின் மர இலையில் படும், பட்டால் அது பிளந்துவிடும். தன் மெக்கானிக் ஜூல் ஹ்யூவோடு சேர்ந்து, இலைகளில் குண்டு படும் இடத்தில் ஆப்பு வடிவ எஃகுத் தகடு பொருத்தினார். படுகிற குண்டு பக்கவாட்டில் சிதறும். முரட்டு வழிதான், ஒவ்வோர் அடியும் என்ஜினை உலுக்கும். அப்படியும் அந்த ஏப்ரலில் மூன்று விமானங்களை வீழ்த்தினார். ஏப்ரல் 18இல் அவரே ஜெர்மானியர் பகுதியில் இறங்க நேர்ந்தது. விமானத்துக்குத் தீ வைத்தும் முழுதாக எரியவில்லை. அதைக் கண்ட ஜெர்மானியர் அவசரப்பட, ஃபாக்கர் நிறுவனம் இலை விலகும் நேரத்தில் மட்டும் சுடும் கருவியைக் களத்துக்குக் கொண்டுவந்தது. அதுவே சரியான தீர்வு.

கிட்டத்தட்ட மூன்று வருடச் சிறை. 1918 பிப்ரவரியில் ஜெர்மன் அதிகாரி வேடத்தில் தப்பினார். பார்வை மங்கிப்போயிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு மீண்டும் ஸ்பாட் விமானத்தில் ஏறினார். நான்காவது வெற்றி அக்டோபர் 2. மூன்று நாளில் முடிந்துவிட்டது. ‘ஏஸ்’ பட்டத்துக்கு ஐந்து விமானங்களை வீழ்த்தியிருக்க வேண்டும். அவரை முதல் ஏஸ் என்று எழுதும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள். அந்தப் பட்டம் இல்லாமலே அவர் பெரியவர்.

இனி சாப்பாடு. பராஷ்வாவிலிருந்து மேலே நடந்தால், முதலாம் உலகப் போரில் மாண்ட தீவினருக்கான வெற்றித் தூண் வரும். அதைத் தாண்டிப் பாரிஸ் வீதியில் போனால் அரசுத் தோட்டம், இலவசம், நல்ல நிழல். மாரெஷால் லெக்ளேர் வீதியில் காளிகாம்பாள் கோயில். கோயிலுக்கு முதலில் போய்விடுங்கள், சாப்பாடு பிறகு. ஏனென்றால் இங்கே தின்ன வேண்டியது கப்ரி மசாலே, அதாவது நம் ஆட்டுக்கறி மசாலா. கறி தின்றுவிட்டுக் கோயிலுக்குள் போவதை மல்பார் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். தமிழ் வம்சாவளியினரை இங்கே மல்பார் என்பார்கள். மலபாருக்கும் அவர்களில் பெரும்பாலோருக்கும் சம்பந்தமில்லை, முன்னோர் காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலேறியவர்கள். வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சு. தமிழ் பூஜையில் கேட்கும். தமிழில் பேச ஆரம்பிக்கும் முன் ஒரு “போன்ஷூர்” சொல்லுங்கள், முகம் மலரும்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் பர்ஸைக் காலி செய்யும். பொட்டலம் கட்டித் தரும் வண்டிக் கடையே போதும்: சோறு, பயறு, கீரை, ருகாய் என்ற பச்சடி, மேலே மசாலே. ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும். மல்லியும் வெந்தயமும் வறுத்து அரைத்த அந்த வாசனை, ஊர் விட்டு நூற்றைம்பது வருடம் ஆன பிறகும் மாறாமல் இருக்கிறது! மிளகாயைத் தனியாகத்தான் தருவார்கள். சின்னதாக இருக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

மொரீஷியஸ் வழியாகத் திரும்புவதானால், அந்த விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்குங்கள். இரண்டு தீவின் விமான நிலையங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 230 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். காக்லியாரிக்கும் பிசெர்த்துக்கும் இடையே உள்ள தூரமும் கிட்டத்தட்ட இதேதான். அதைக் கடக்க அவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கீழே குனிந்து பாருங்கள், தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது.