பொது ஆய்வகத்துக்கு செல் சார்ட்டர் தேர்ந்தெடுப்பது பற்றி

சாயமேற்றிய செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் கருவியான செல் சார்ட்டர் வாங்கும் பேச்சு எழுந்தாலே, எத்தனை லேசர், எத்தனை சாய நிறம் என்பதிலேயே விவாதம் சுற்றிக்கொண்டிருக்கும். பலர் முறை வைத்துப் பயன்படுத்தும் ஆய்வகத்தில், ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் வரை கருவி எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

செல்கள் திரவத் தாரையாக வெளிவரும் முனையான நாசிலின் துளை செல்லின் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. சிறிய வெள்ளணுவான லிம்போசைட்டுக்கு 70 மைக்ரான் போதும். பெரிய, எளிதில் சிதையும் செல்களுக்கு 100 அல்லது 130 வேண்டும். நாசிலை மாற்றினால் அழுத்தத்தையும் மாற்றி, தாரை நிலைப்படும் வரை காத்திருந்து, செல் லேசரைக் கடந்தபின் துளியாகப் பிரியும் வரையிலான கால இடைவெளியை பீட்ஸ் (சோதனைக்கான நுண்மணிகள்) ஓட்டி மீண்டும் சரிபார்க்க வேண்டும். பெரிய நாசிலில் வேகமும் குறையும். ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் செல்லில் ஒரு லட்சம் தேவையென்றால், இழப்பே இல்லை என்று கொண்டாலும் 10 கோடி செல்களை ஓட்ட வேண்டும். விநாடிக்கு 20,000 வீதம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற இந்த வேலை, 7,000 வீதம் ஓடினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

ஆகவே, எந்தச் செல் எத்தனை விழுக்காடு என்ற விகிதத்தை மட்டும் அறிய வருபவர் சார்ட்டரின் முன் உட்காரவே கூடாது. பணம் அளவாக இருந்தால், சார்ட்டரில் ஒரு லேசரைக் குறைத்தாவது, செல்களைப் பிரிக்காமல் அளவிட மட்டும் செய்யும், 96 குழித் தட்டைத் தானே எடுத்து ஓட்டும் அனலைசர் ஒன்றை உடன் வாங்குவதே நல்லது. இரண்டிலும் லேசர்களும் ஃபில்டர்களும் ஒத்திருந்தால், அனலைசரில் சரிசெய்த சாயக் கலவையைப் பெரிய மாற்றமின்றிச் சார்ட்டருக்குக் கொண்டுபோகலாம். எதைக் குறைத்தாலும் 561 நானோமீட்டர் லேசரில் கைவைக்க மாட்டேன். சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி புரதத்தை 488 நானோமீட்டர் லேசர் சரியாகத் தூண்டுவதில்லை.

வேதிப்பொருளால் நிலைப்படுத்தாத, ஆகவே நோய்க்கிருமி உயிரோடிருக்கக்கூடிய மனித மாதிரிகள் வருமென்றால் உயிர்ப்பாதுகாப்பு கேபினட்டின் விலையையும் இடத்தையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். பாதி ஓட்டத்தில் நாசில் அடைத்துத் தாரை சாய்ந்தால், நுண்துளிகள் காற்றில் பரவும்.

செயல்விளக்கத்துக்கு விற்பவர் கொண்டுவரும் பீட்ஸ் ஒருபோதும் அடைப்பதில்லை. திசுவைச் செரித்து எடுத்த, ஒட்டும் தன்மையுள்ள நம் செல்களைத்தான் கொடுக்க வேண்டும். அடைப்பை நீக்கி மறுபடி ஓட எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொண்டு, பிரித்த குழாயில் சிறிதளவை மீண்டும் ஓட்டித் தூய்மையைப் பார்த்து, மீதியை வளர்ப்பில் இட்டு மறுநாள் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று எண்ணிய பிறகே விலை பேச உட்கார வேண்டும்.